மருமவன் கொண்டுவந்த ரத்தக் கணக்கு

வாரும் மருமவனே, உள்ள வாரும். அது என்ன கையில, கல்யாணப் பத்திரிகையா? ஒமக்குத்தான் ரெண்டு புள்ளை ஆயிட்டே, இனி யாருக்குக் கல்யாணம்? ஓ, ரத்த ரிப்போர்ட்டா! இம்புட்டு வழவழன்னு, பக்கத்துக்கு ஒரு கலரு, மேல தங்க எழுத்து. இருக்கட்டும், இருக்கட்டும். ஏளா, அந்தக் கண்ணாடிய எடுத்துட்டு வா, மருமவன் ரத்தத்தைப் படிப்போம்.

நாலு மாசமா ஒமக்கு வயித்துவலி. தொப்புளுக்குக் கீழ, வலது பக்கம். சாப்பிட்டு எந்திரிச்சா வயிறு முட்டு முட்டாப் பொடைக்கும், கடமுடான்னு உருளும், கொஞ்ச நேரத்துல தானா அமுங்கும். ரெண்டு நாள் வயித்தால போகும், நாலு நாள் போகவே போகாது. பொழுது சாஞ்சா ஒடம்பு கணகணன்னு இருக்கும். வேட்டி இடுப்புல நிக்கமாட்டேங்கு, பெல்ட்டுல புதுசா ஓட்டை போட்டிருக்கீரு. இதெல்லாம் ஒம்ம அம்மைக்குத் தெரியும், எனக்குத் தெரியும், எதுத்த வீட்டு ஆச்சிக்கும் தெரியும். ஒமக்கு மட்டும் மிஷின் வந்து சொன்னாத்தான் நம்பிக்கை. டவுன்ல போயி கைய நீட்டிட்டு வந்திருக்கீரு. பேக்கேஜாம். முழு ஒடம்புக்கும் ஒரே ரேட்டாம். டாக்டரைப் பாக்க முந்நூறு ரூவா ஜாஸ்தின்னு சொன்ன மனுசன்!

எனக்கென்னமோ குடல்ல டிபியோன்னு ஒரு சந்தேகம். இவன் என்ன பெரிய டாக்டரான்னுதானே முழிக்கீரு? நான் பலசரக்குக் கடைக்காரன். ஆனா நம்ம கடையில புளி, மொளவாத்தலோட டிபி மாத்திரையும் இருந்துச்சு, அது ஒமக்குத் தெரியாது. செவிலியம்மா வந்து, "அண்ணாச்சி, நீங்கதான் விடியுமுன்ன கடை தெறக்கிற ஆளு, இந்த ஆளுக்கு வாரத்துல மூணு நாளு ஒங்க கண்ணு முன்னால முழுங்கவைங்க"ன்னு பொட்டியக் குடுத்துட்டுப் போவா. அப்பம் வாரத்துக்கு மூணு நாளுதான், தெனமும் முழுங்குறது பின்னால வந்தது. சளியில டிபி வந்தவனும் முழுங்குனான், கழுத்துல நெறி கட்டுனவனும் முழுங்குனான், குடல்ல வந்தவனும் முழுங்குனான். "நெஞ்சுல வாற நோவு வயித்துக்கு எப்படிம்மா வந்துச்சு?"ன்னு நான் கேட்டா அந்தப் புண்ணியவதி சலிக்காமச் சொல்லுவா. ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கூட்டிட்டுப் போனா டாக்டருமாரு வாயையும் பிடுங்குவேன். பாக்கி வசூல் பண்ணிப் பழகுன வாயி, சும்மா இருக்குமா?

சரி, மொதப் பக்கம். ஹீமோகுளோபின் ஒம்போது. ஆல்புமின் கொறைவு. சிஆர்பி கூட. ஈஎஸ்ஆர் அறுவத்தெட்டு, அதுக்கு மட்டும் செவப்பு மையில ரெண்டு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தைப் பாத்துட்டுத்தானே ராத்திரி தூங்காம இருந்தீரு? அது என்னன்னு தெரியுமா? ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில நட்டமா நிறுத்திவச்சு, ஒரு மணி நேரத்துல செவப்பணு எத்தனை மில்லிமீட்டர் கீழ எறங்கிருக்குன்னு அளக்கிறாவ. அவ்வளவுதான் சங்கதி. ஒடம்புக்குள்ள எங்கயாவது புகைஞ்சா வெரசா எறங்கும். எங்கன்னு சொல்லாது. மூட்டுவாதத்துக்கும் ஏறும், பல்லுல சீழ் வச்சாலும் ஏறும், புத்துநோய்க்கும் ஏறும். ரத்தம் கொறைஞ்சாலே ஏறும். வயசானாலே ஏறும். இதை வச்சு ஒமக்குக் குடல் டிபின்னா, எனக்கும் டிபி, ஒம்ம அத்தைக்கும் டிபி, கோயில் திண்ணையில கால நீட்டி ஒக்காந்திருக்க அத்தனை கெழத்துக்கும் டிபி.

அதுக்காக இந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுராதீரும். இதுல ஒரு விசயம் இருக்கு. "வெறும் வாயுதான், ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாயிரும்"னு நாலு மாசமா எனக்குப் பாடம் எடுத்தீரே, அது பொய்யின்னு இந்தப் பக்கம் சொல்லுது. வாயுவுக்கு ஹீமோகுளோபின் ஒம்போதுக்கு வராது. ஆம்பளைக்கு, அதுவும் தெனம் கறி மீன் திங்கிற ஆம்பளைக்கு, ரத்தமும் ஆல்புமினும் சேந்து எறங்குதுன்னா குடல்ல புண்ணு இருக்கான்னு தேடணும். தேடச் சொல்லுது, அவ்வளவுதான். பேரைச் சொல்லல.

அடுத்த பக்கம். "டிபி ஐஜிஜி, டிபி ஐஜிஎம்." அட சண்டாளப் பாவிகளா! இது இன்னும் செத்து ஒழியலையா? மருமவனே, நல்லா கேட்டுக்கிடும். டிபி கிருமிக்கு எதிரா ரத்தத்துல எதிர்ப்பொருள் இருக்கான்னு பாக்கிற சோதனை இது. ஒரு காலத்துல நம்ம நாட்டுல தெருவுக்குத் தெரு இதைத்தான் எடுத்தாவ. வருசத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல நடந்துச்சாம். உலக சுகாதார நிறுவனம் ஒக்காந்து 94 ஆய்வைப் பெறக்கிப் பாத்துச்சு. அதுல 67 நுரையீரல் டிபிக்கு, 27 ஒடம்புல மத்த எடத்துல வாற டிபிக்கு. நம்ம குடலும் அந்த இருவத்தேழு பக்கந்தான். பாத்துட்டு 2011 ஜூலையில சொன்னாவ: இதை வச்சு டிபி இருக்குன்னும் சொல்லாதிய, இல்லைன்னும் சொல்லாதிய, எடுக்கவே எடுக்காதிய. டிபிக்கு ஒரு சோதனையை வெளிப்படையா வேண்டாம்னு அவுக சொன்னது அதுதான் மொதத் தடவை.

இதுல கூத்து என்னன்னா, அந்த கிட்டு பெரும்பாலும் ஐரோப்பாவுலயும் வட அமெரிக்காவுலயும் செஞ்சது. எந்த நாட்டுலயும் பேர் சொல்லக்கூடிய கட்டுப்பாட்டு அமைப்பு ஒண்ணும் அதுக்குச் சம்மதம் குடுக்கல. செஞ்சவன் ஊர்ல செல்லாதது நம்ம ஊர்ல நோட்டா மாறுது! கடைசியில 2012 ஜூன்ல இந்திய அரசாங்கமே தடை போட்டுச்சு. எறக்குமதி பண்ணக்கூடாது, செய்யக்கூடாது, விக்கக்கூடாது, உபயோகிக்கக்கூடாது. இத்தனை கூடாதுக்கு அப்புறமும் அது ஒம்ம பேக்கேஜுல எப்படி வந்து ஒக்காந்துச்சு? போயிக் கேளும். "சாரே, தடை பண்ணுன சரக்குக்கு ஜிஎஸ்டி எவ்வளவு?"ன்னு கேளும். மூஞ்சியப் பாக்க எனக்கும் ஆசையா இருக்கு.

ஐஜிஎம் நெகட்டிவ்னு போட்டிருக்காம், அதனால டிபி இல்லைன்னு சந்தோசப்படுதீரா? அந்தச் சந்தோசத்துக்கும் மதிப்பு இல்ல. நோவு இருக்கவனுக்கு இல்லைன்னு சொல்லும், இல்லாதவனுக்கு இருக்குன்னு சொல்லும். அப்படி ஒரு சாட்சியை எந்தப் பஞ்சாயத்துல ஏத்துவீரு?

மூணாவது பக்கம் கொஞ்சம் மரியாதையான பக்கம். "டிபி கோல்டு." கோல்டுன்னதும் பவுனு விலையும் போட்டுட்டான். ஒம்ம ரிசல்ட்டு பாசிட்டிவ். கோட்டுக்கு மேல போயிருச்சு, 0.35-ங்கிறது கோடு. சரி, இது எப்படின்னு செவிலியம்மா சொன்னதைச் சொல்லுதேன். எடுத்த ரத்தத்தை நாலு சின்னக் குழாயில ஊத்துவாவ. அதுல ரெண்டு குழாயில டிபி கிருமியோட புரதம் தடவிருக்கும். ஒடம்புச் சூட்டுலயே ஒரு ராத்திரி, அதாவது 16-லருந்து 24 மணி நேரம், அடைகாப்பாவ. ஒம்ம வெள்ளையணு அந்தப் புரதத்தை முன்னப்பின்னப் பாத்திருந்தா, "ஏய், இவன் தெரிஞ்ச பயலாச்சே"ன்னு இன்டர்ஃபெரான் காமான்னு ஒரு சரக்கைக் கக்கும். அதை அளந்து போடுறதுதான் இந்த நம்பர். சின்ன வயசுல தோள்ல போட்ட பிசிஜி ஊசி இதைக் கொழப்பாது. அது ஒரு நல்லது. கையில ஊசி போட்டு ரெண்டு மூணு நாள் கழிச்சு வீக்கத்தை அளக்கிற மான்டூ இருக்கே, 1908-லருந்து ஓடுதே, அதுக்கு பிசிஜியா, நெசத் தொற்றான்னு சரியாப் பிரிக்கத் தெரியாது.

ஆனா மருமவனே, இது மொய் நோட்டு. ஒம்ம தங்கச்சி கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துப் பாரும், மேலத்தெரு சங்கரன் 101 ரூவான்னு எழுதிருக்கும். அவன் எப்பமோ ஒருநாள் பந்தலுக்கு வந்தான்கிறதுக்கு அது ருசு. இன்னிக்கு ஒம்ம அடுக்களையில ஒக்காந்து சோத்துப் பானையை உருட்டிக்கிட்டு இருக்கது அவன்தான்னு அந்த நோட்டு சொல்லுமா? டிபி கிருமி நம்ம ஆளுக பாதிக்குப் பாதி பேரு ஒடம்புக்குள்ள ஒரு தடவை வந்து மொய் எழுதிட்டுப் போயிருக்கும். பாதிங்கிறது என் வாய்க்கணக்கு, கொஞ்சம் ஜாஸ்திதான். அரசாங்கம் 2019-லருந்து 2021 வரைக்கும் நாடு பூராச் சோதிச்சதுல, பதினஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்கள்ல ஏறக்கொறைய மூணுல ஒருத்தருக்கு இந்தத் தொற்று இருந்துச்சு. அதுல நோவா மாறுறது ஆயுசு முழுக்கப் பாத்தாலும் நூத்துக்கு அஞ்சு பத்துப் பேருக்குத்தான். மத்தவன் ஒடம்புல அது பேசாம உறங்கும். உறங்குறதா, குடலைக் கடிக்கிறதான்னு இந்தச் சோதனைக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியாது. வெள்ளைக்காரன் ஊர்ல பாசிட்டிவ்னா டாக்டர் நிமிந்து ஒக்காருவாரு, அங்க தொற்றே அபூர்வம். இங்க பாசிட்டிவ்னா, "சரி, நீ இந்தியாக்காரன்"னு அர்த்தம்.

நெகட்டிவ்னாலும் தப்பிச்சோம்னு இல்ல. ஒடம்பு வத்திப்போனவனுக்கும், ஹெச்ஐவி உள்ளவனுக்கும் வெள்ளையணுவுக்குக் கக்கத் தெம்பு இருக்காது. நோட்டுல எழுத மறந்துரும்.

இம்புட்டும் எதுக்குச் சொல்லுதேன்னா, ஒமக்கு இன்னொரு நோவு இருக்கான்னு பாக்கணும். அதுதான் இதுல பெரிய வில்லங்கம். க்ரோன்னு ஒரு குடல் நோவு. 1932-ல நியூயார்க்குல க்ரோன்னு ஒரு டாக்டரும் அவரு கூட்டாளி ரெண்டு பேரும் எழுதிவச்சது. சிறுகுடலும் பெருங்குடலும் சேருற அதே முக்குல புண்ணு வைக்கும். அதே வலி, அதே காச்சல், அதே எளைப்பு, அதே ரத்தசோகை. ஈஎஸ்ஆர் அதுலயும் ஏறும், சிஆர்பி அதுலயும் ஏறும். ஒரே மூஞ்சி. ஆனா வைத்தியம் நேரெதிரு. க்ரோனுக்கு ஸ்டீராய்டு, எதிர்ப்பு சக்தியை அமுக்குற மருந்து. டிபிக்காரனுக்கு அந்த ஸ்டீராய்டைத் தனியாக் குடுத்தீருன்னா மொத வாரம் பசிக்கும், காச்சல் விடும், "கைராசிக்கார டாக்டரு"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிவீரு. உள்ள கிருமி தடுக்க ஆளில்லாமப் பரவும். அதே மாதிரி க்ரோன்காரனுக்கு ஆறு மாசம் டிபி மாத்திரையக் குடுத்து ஈரலைக் கெடுத்தவங்களும் உண்டு, அந்த ஆறு மாசத்துல குடல் சுருங்கி அடைச்சுப்போறதும் உண்டு.

க்ரோனுக்குன்னு ஒரு ரத்த சோதனை உண்டும். ரொட்டி உப்பவைக்கிற ஈஸ்ட்டுக்கு எதிரா ரத்தத்துல எதிர்ப்பொருள் இருக்கான்னு பாக்கிறது. ஆஸ்கான்னு சொல்லுவாவ. டெல்லி எய்ம்ஸ்ல ரெண்டு வகை நோயாளிகிட்டயும் எடுத்துப் பாத்து, இதையும் அதையும் பிரிக்க இது ஒதவாதுன்னு 2007-ல எழுதிட்டாவ. அதுவும் ஒம்ம பேக்கேஜுல இருக்கா? இல்லையா? தப்பிச்சீரு, இன்னும் ஆயிரம் மிச்சம்.

ஆளை ஏமாத்துற ரத்த சோதனை இன்னொண்ணும் உண்டு, பொம்பளையாளுக விசயம், இருந்தாலும் வீட்டுல சொல்லிவையும். சிஏ-125-ன்னு ஒண்ணு எடுப்பாவ, சினைப்பைப் புத்துநோய்க்கு. வயித்துல தண்ணி கோத்து, இந்த நம்பர் நூறு எரநூறுன்னு ஏறுனதும் குடும்பமே அழ ஆரம்பிச்சிரும். வயித்துச் சவ்வுல டிபி வந்தாலும் இது ஏறும்! புத்துநோய்னு நெனச்சு வயித்தைத் தெறந்து பாத்து, டிபின்னு தெரிஞ்சு மூடுன சங்கதியெல்லாம் நடந்திருக்கு. கோத்த தண்ணியில கொஞ்சம் ஊசியில எடுத்து ஏடிஏங்கிற நொதியைப் பாத்தாலே வழி தெரியும். ஏடிஏயை ரத்தத்துல பாக்கக்கூடாது, அந்தத் தண்ணியிலதான் பாக்கணும். நம்மாளுகளுக்கு எதைக் குத்தினாலும் ரத்தந்தான் வரணும்.

அப்பம் என்ன செய்யணும்ங்கிறீரா? அந்தப் புண்ணைப் போயிப் பாக்கணும். பின்வழியாக் குழாய் விட்டு, கொலோனோஸ்கோபி. என்ன, மூஞ்சி மாறுது? கை நீட்டி நாலு டியூப் ரத்தம் குடுக்கும்போது வீரம் இருந்துச்சே! இதுக்குத்தான் நாலு மாசமா லேபு லேபா அலையுதீருன்னு எனக்குத் தெரியாதா? ஊர்ல பாதி ரத்த சோதனை இந்த வெக்கத்துலதான்வே ஓடுது.

குழாய் விட்டு அந்த முக்கைப் பாத்து, புண்ணுலருந்து துணுக்குத் துணுக்கா ஏழெட்டு எடத்துல சதை எடுப்பாவ. வலிக்காது, மயக்கம் குடுப்பாவ. இங்கதான் ஒரு சூட்சுமம். எடுத்த சதையப் பூராவும் ஃபார்மலின் பாட்டில்ல போட்டுட்டா கிருமி செத்துரும். அப்புறம் வளத்துப் பாக்க முடியாது. கொஞ்சத்தைச் சாதா உப்புத்தண்ணி பாட்டில்ல, சலைன்ல, தனியாப் போடச் சொல்லணும். ஃபார்மலின் பாட்டில் நோயியல் பிரிவுக்கு, அவங்க சதையில கட்டி கட்டியா கிரானுலோமா இருக்கா, நடுவுல தயிர்க்கட்டி கணக்கா அழுகிருக்கான்னு பாப்பாவ. சலைன் பாட்டில் சிபிநாட்டுக்கும், கிருமிய வளத்துப் பாக்கிற கல்ச்சருக்கும். சிபிநாட்டு ரெண்டு மணி நேரத்துல கிருமி இருக்கா, ரிஃபாம்பிசின் மாத்திரை கேக்குமா கேக்காதான்னு ரெண்டையும் சொல்லிரும். அது ஆமான்னு சொன்னா நம்பலாம். இல்லைன்னு சொன்னா முழுசா நம்பக்கூடாது, ஏன்னா குடல் புண்ணுல கிருமி கொஞ்சமாத்தான் இருக்கும். கல்ச்சருக்கு ஆறு வாரம் வரைக்கும் காத்திருக்கணும். டாக்டருகிட்ட "ஐயா, ஒரு பாட்டில் சலைன்ல போடுவீகளா?"ன்னு மட்டும் பணிவாக் கேளும். மிச்சம் அவுக பாத்துக்கிடுவாவ. அதோட வயித்துக்கு சிடி ஸ்கேன் எடுப்பாவ, நெறி கட்டிருக்கா, நடுவுல செத்துருக்கான்னு பாக்க. நெஞ்சு எக்ஸ்ரேயும் உண்டு. அது நல்லா இருக்குன்னு துள்ளாதீரும், குடல் டிபிக்காரன்ல நெறைய பேருக்கு நெஞ்சு சுத்தமாத்தான் இருக்கும்.

எல்லாம் பாத்தும் டிபியா க்ரோனான்னு தெரியாமப் போறதும் உண்டு. அப்பம் பெரிய டாக்டருமாரே டிபி மாத்திரையக் குடுத்து, ரெண்டு மூணு மாசத்துல மறுபடி குழாய் விட்டு, புண்ணு ஆறிருக்கான்னு பாப்பாவ. ஆறலைன்னா யோசனையை மாத்துவாவ. மறுபடியுமான்னு கேக்காதீரும். வலி கொறைஞ்சது மட்டும் கணக்கு இல்ல, புண்ணு ஆறணும். இதுவும் வெறும் ரத்தத் தாளைப் பாத்து மாத்திரை எழுதுறதும் ஒண்ணுன்னு எவனாவது சொன்னா எங்கிட்ட அனுப்பும்.

அதுக்காக ரத்தமே எடுக்காதீருன்னு நான் சொல்லல. டிபின்னு முடிவானா அப்பம் எடுப்பாவ, அது உருப்படியான ரத்தம். ஹெச்ஐவி பாக்கணும், சர்க்கரை பாக்கணும், ரெண்டும் டிபிக்குக் கூட்டாளி. மாத்திரைக்கு முன்ன ஈரல் எப்படி இருக்குன்னு பாக்கணும். நடுவுல கண்ணு மஞ்சளாச்சு, வாந்தி எடுத்துச்சுன்னா மறுபடி பாக்கணும். ஒண்ணுக்கு மட்டும் ஆரஞ்சு நெறத்துல போச்சுன்னா பதறாதீரும், அது ரிஃபாம்பிசின் சாயம். மொத ரெண்டு மாசம் நாலு மருந்து, அப்புறம் நாலு மாசம் மூணு மருந்து. வயித்து டிபிக்கு ஆறு மாசம் போதும்னு 1997-லயே மெட்ராஸ்காரவுக பன்னெண்டு மாசத்தோட ஒப்பிட்டுப் பாத்து எழுதிட்டாவ. மருந்து அரசாங்கத்துல ஓசி. சாப்பாட்டுக்கு மாசம் ஆயிரம் ரூவா ஒம்ம பேங்குல போடுவான், 2024 நவம்பருக்கு முன்ன ஐந்நூறா இருந்தது. ஒம்ம பேக்கேஜு காசை அதுல தேத்தணும்னு கணக்குப் போடாதீரும்.

இன்னொண்ணு கேளும், சிரிப்பா இருக்கும். 2022-லருந்து நம்ம மாநிலத்துல காசநோய் இறப்பில்லாத் திட்டம்னு நடக்கு. டிபின்னு தெரிஞ்ச அன்னைக்கே ஆளை எடை போடுதாவ, ஒசரம் அளக்குதாவ, கால்ல வீக்கம் இருக்கான்னு அமுக்கிப் பாக்குதாவ, மூச்சை எண்ணுதாவ, பிடிக்காம எந்திரிச்சு நிக்க முடியுதான்னு பாக்குதாவ. மோசமா இருக்கவனை அன்னைக்கே படுக்கையில சேத்துருதாவ. உசுரு போகுமா நிக்குமான்னு தீர்மானிக்கிற அந்தச் சோதனையில ஒரு சொட்டு ரத்தம் கெடையாது. ஒம்ம எடை எவ்வளவு? தெரியாதா? இருவத்தஞ்சு வகை ரத்தம் பாத்தீரு, கடைத் தராசுல ஏறிப் பாக்கலையாவே?

சரி, செவ்வாய்க்கெழமை ஐகிரவுண்டுக்குப் போவோம், நானும் வாரேன். போனதும் டாக்டருகிட்ட, வயிறு முட்டு முட்டாப் பொடைச்சு அமுங்குதுன்னு மொதல்லயே சொல்லிரும். குடல் எங்கயாவது சுருங்கிருந்தா, குழாய் விடுறதுக்கு முன்ன குடலைக் கழுவுற மருந்தை யோசிச்சுத்தான் குடுப்பாவ. குழாய் விடத் தேதி குடுத்தா, முந்தின நாளு கஞ்சித்தண்ணி, எளநி, வடிகட்டுன ஜூஸு, அவ்வளவுதான். கீரை, கொய்யா, தக்காளி வெதை ஒண்ணும் ஆகாது. அந்தக் குடல் கழுவுற தண்ணி இருக்கே, ரெண்டு லிட்டரு, அதை ஊர்ல வச்சுக் குடிச்சிட்டு விடியக்காலப் பஸ்ஸுல ஏறலாம்னு மட்டும் நெனைக்காதீரும். முந்தின நாளே வந்து பெருமாள்புரத்துல ஒம்ம சித்தி வீட்டுல தங்கும், கக்கூஸ் பக்கத்து ரூமாக் கேட்டு வாங்கும். கண்டக்டரு நம்ம சொந்தக்காரப் பயதான், இல்லைங்கல. ஆனா அவனும் எத்தனை எடத்துலவே வண்டிய நிறுத்துவான்?